மருத்துவக் காப்பீடு: தனியாகவா, குடும்பத்துக்குச் சேர்த்தா?

மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால் ஏஜென்ட் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். "எத்தனை லட்சத்துக்கு வேணும்?" "தனித்தனியாவா, ஃபேமிலி ஃப்ளோட்டரா?" பெரும்பாலோர் அந்த இடத்திலேயே ஏதோ ஒரு பதிலைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பிறகு அந்தப் பாலிசியைப் பீரோவிலிருந்து எடுப்பது, வீட்டில் யாராவது மருத்துவமனையில் சேர்ந்த அன்றுதான். அன்றைக்குத் தெரியவரும் நிபந்தனை எதையும் மாற்ற முடியாது.

எனவே வாங்கும் முன்பே நிதானமாகப் பார்த்துவிடலாம். தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். மருத்துவமனை பில் வரும்போது நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதுதான் மீதிப் பாதி. அதைக் கேட்காமல் வாங்கிய பாலிசி, எவ்வளவு மலிவாக இருந்தாலும் லாபமில்லை.

அரசுக் காப்பீடு எனக்குக் கிடைக்குமா?

பணம் கட்டி வாங்கும் முன் இதை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இப்போதைய பெயரைப் பெற்ற திட்டம் இது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடும் இது இணைக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நீங்கள் பிரீமியம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். நோய் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சான்று வாங்கவே சில நாட்கள் ஆகும். கையில் அட்டை இருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

வீட்டில் 70 வயது நிறைந்தவர்கள் இருக்கிறார்களா? வருமானம் பார்க்காமல் அந்த வயதினருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. பதிவுசெய்வது எப்படி என்று அதே மையத்தில் கேளுங்கள்.

இத்திட்டங்களில் சில நடைமுறை எல்லைகள் உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கும் மட்டுமே இவை செல்லும். உங்கள் ஊரில் எந்த மருத்துவமனை இதில் இருக்கிறது என்பதை இப்போதே விசாரித்துக் குறித்து வையுங்கள்.

ஆபீஸில் இன்சூரன்ஸ் இருக்கிறதே, அது போதாதா?

இருக்கும் வரை நல்லது. அதில் பெரும்பாலும் பழைய நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். ஆனால் வேலையை விட்டாலோ ஓய்வுபெற்றாலோ அதுவும் போய்விடும். 58 வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு புதிதாகப் பாலிசி தேடுவது கடினம், செலவும் அதிகம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளம் உயர்ந்து அந்த வரம்பைத் தாண்டினால், சில காலத்தில் அதுவும் நின்றுவிடும். ஆகவே, ஆபீஸ் பாலிசி இருந்தாலும் சொந்தமாக ஒரு சிறிய பாலிசியை இளம் வயதிலேயே தொடங்கிவிடுங்கள்.

வேலையை விடப் போகிறீர்கள், சொந்தப் பாலிசியும் இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஆபீஸ் பாலிசியைத் தந்த அதே நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற்றித்தரக் கேட்கலாம். அதுவரை கழிந்த ஆண்டுகள் வீணாகாது. கடைசி வேலை நாளுக்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும்.

தனிநபர் பாலிசிக்கும் ஃபேமிலி ஃப்ளோட்டருக்கும் என்ன வித்தியாசம்?

தனிநபர் பாலிசியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காப்பீட்டுத் தொகை (ஓர் ஆண்டில் நிறுவனம் அதிகபட்சமாகத் தரும் பணம்) உண்டு. கணவருக்கு 5 லட்சம், மனைவிக்கு 5 லட்சம் என்று எடுத்தால், ஒருவரின் சிகிச்சைக்குச் செலவானது இன்னொருவரின் தொகையைத் தொடாது.

ஃப்ளோட்டரில் குடும்பத்துக்கு ஒரே தொகை. மாடியில் உள்ள ஒரே தண்ணீர்த் தொட்டியை வீடே பயன்படுத்துவது போல. ஒருவரே முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

எல்லோருக்கும் ஒரே ஆண்டில் பெரிய நோய் வருவது அபூர்வம். அதனால் ஃப்ளோட்டருக்குப் பிரீமியம் குறைவு. ஆனால் இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. ஃப்ளோட்டரின் பிரீமியத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் குடும்பத்தில் மூத்தவரின் வயதை வைத்தே கணக்கிடுகின்றன.

அப்படியானால் அப்பா அம்மாவையும் சேர்த்து ஒரே ஃப்ளோட்டர் எடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். திருச்சியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 36 வயது, மனைவிக்கு 33. பிள்ளைகள் எட்டு வயதிலும் நாலு வயதிலும். அப்பாவுக்கு 67. அம்மாவுக்கு 62, சர்க்கரை உண்டு.

ஆறு பேரையும் ஒரே ஃப்ளோட்டரில் போட்டால் 67 வயதுக்காரருக்கான கணக்கில் எல்லோருக்கும் பிரீமியம் ஓடும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. மே மாதம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து தொகையில் பெரும்பகுதி செலவாகிவிட்டால், ஜூலையில் பிள்ளைக்கு டெங்கு வரும்போது மிச்சம் என்ன இருக்கும்?

இந்தக் குடும்பம் இரண்டாகப் பிரித்து எடுப்பதே நல்லது. கணவர், மனைவி, பிள்ளைகள் நாலு பேருக்கும் ஒரு ஃப்ளோட்டர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனிப் பாலிசி. இருவருக்கும் தனித்தனியாகக் கட்ட முடியாவிட்டால், அவர்கள் இருவருக்கு மட்டும் ஒரு ஃப்ளோட்டர். இரண்டு வகைக்கும் பிரீமியம் எழுதித் தரச் சொல்லி, அருகருகே வைத்துப் பாருங்கள்.

அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பாலிசியே தர மாட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். 65 வயதுக்கு மேல் சேர முடியாது என்று நிறுவனங்கள் வைத்திருந்த வழக்கத்துக்கு 2024 ஏப்ரல் முதல் விதியின் ஆதரவு இல்லை. எல்லா வயதினருக்கும் பாலிசி இருக்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம்) சொல்லியிருக்கிறது. ஆனாலும் உடல்நிலையைப் பார்த்து ஒரு நிறுவனம் மறுக்கலாம். அப்போது இன்னொரு நிறுவனத்தைக் கேளுங்கள்.

யாருக்குத் தனிநபர் பாலிசி ஏற்றது?

திருமணமாகாமல், பெற்றோரின் ஃப்ளோட்டரிலும் இல்லாதவர்களுக்கு அது ஏற்றது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் அடிக்கடி மருத்துவமனையில் சேர வேண்டிய நோய் இருந்தால் அவருக்குத் தனியாக எடுத்துவிடுங்கள். மற்றவர்களின் தொகை பாதுகாப்பாக இருக்கும். ஐம்பதைத் தாண்டிய தம்பதியரும், செலவு கொஞ்சம் கூடினாலும், தனித்தனியாக எடுப்பது நல்லது. அந்த வயதில் ஒரே ஆண்டில் இருவருக்குமே தேவைப்படக்கூடும்.

பிள்ளைகள் பொதுவாக 25 வயது வரை பெற்றோரின் ஃப்ளோட்டரில் இருக்கலாம். அந்த வயது வந்ததும் விட்டுவிடாமல், அதே நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற்றிவிடுங்கள். ஃப்ளோட்டரில் இருந்த ஆண்டுகள் அவர்கள் கணக்கில் தொடரும்.

எத்தனை லட்சத்துக்கு எடுப்பது?

நீங்கள் உண்மையில் எந்த மருத்துவமனைக்குப் போவீர்களோ, அங்கே போய்க் கேளுங்கள். ஆஞ்சியோபிளாஸ்டிக்கு எவ்வளவு, மூட்டு மாற்றுக்கு எவ்வளவு, ஐ.சி.யூ.வில் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று விசாரித்தால் சொல்வார்கள். உங்கள் தொகை அதிலிருந்து வர வேண்டும். ஒரு குடும்பத்துக்கு 5 லட்சத்துக்குக் குறைவாக எடுப்பதில் பயனில்லை. பெரிய நகரங்களில் இருப்பவர்கள் 10 லட்சத்தை இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

"அவ்வளவு பிரீமியம் கட்ட முடியாதே" என்பவர்களுக்கு சூப்பர் டாப்-அப் என்ற வழி இருக்கிறது. குறிப்பிட்ட தொகை வரையிலான செலவு உங்களுடையது அல்லது உங்கள் முதல் பாலிசியுடையது. அதற்கு மேல் வருவதை இது தரும். அதனால் பிரீமியம் குறைவு. 5 லட்சத்துக்கு ஒரு சாதாரணப் பாலிசி, அதற்கு மேல் 15 லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப் என்று எடுத்தால், நேரடியாக 20 லட்சத்துக்கு எடுப்பதைவிடப் பொதுவாகக் குறைவாகவே ஆகும்.

வெறும் டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. இரண்டிலும் எல்லை 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் இரண்டு முறை 4 லட்சம், 4 லட்சம் என்று பில் வருகிறது. டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஆகவே ஒரு ரூபாயும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 8 லட்சம் என்று பார்த்து, 3 லட்சம் தரும். வாங்கும்போது "சூப்பர்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இருக்கும் நோயைச் சொன்னால் பாலிசி தர மாட்டார்களே?

இந்தப் பயத்தால்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். "சுகர் இருக்குன்னு போடாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்று சொல்லும் ஏஜென்டும் உண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. பின்னால் கிளைம் நிராகரிக்கப்பட்டால் இழப்பும் உங்களுடையது.

மருத்துவமனையில் சேர்ந்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "சுகர், பி.பி. எத்தனை வருஷமா இருக்கு?" என்பதுதான். வலியில் இருக்கும் அம்மா, "பத்து வருஷமா இருக்குங்க" என்று உண்மையைச் சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறும். கிளைமைப் பரிசீலிப்பவர் முதலில் படிப்பது அந்த வரியை. விண்ணப்பத்தில் "இல்லை" என்று இருந்தால், கிளைம் போவதோடு பாலிசியே ரத்தாகலாம்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் கூடலாம். அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் (பாலிசி இருந்தும் குறிப்பிட்ட நோய்க்குப் பணம் கிடைக்காத காலம்) இருக்கும். முன்பே இருக்கும் நோய்களுக்கு அது அதிகபட்சம் 36 மாதங்கள்தான். அதற்கு மேல் எந்த நிறுவனமும் வைக்கக் கூடாது. மூன்று ஆண்டுகள் பொறுத்தால், அதே சர்க்கரையால் வரும் சிக்கலுக்கும் பணம் கிடைக்கும்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பாலிசியைத் தொடர்ந்து 60 மாதங்கள் வைத்திருந்தால், அதற்குப் பிறகு "நோயைச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது. வேண்டுமென்றே மோசடி செய்ததாக நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். இது பொய் சொல்வதற்கான அனுமதி அல்ல. நினைவில்லாமல் விட்டுப்போனவர்களுக்கான காப்பு.

வேறு எதற்கெல்லாம் காத்திருக்க வேண்டும்?

பாலிசி தொடங்கிய முதல் 30 நாட்களுக்குப் பொதுவாக நோய்க்குப் பணம் கிடையாது. விபத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. கண்புரை, குடலிறக்கம், மூலம், மூட்டு மாற்று போன்ற சில சிகிச்சைகளுக்கு, நோய் புதிதாக வந்தாலும், பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இதற்கும் உச்ச வரம்பு 36 மாதங்கள்.

பிரசவச் செலவு எல்லாப் பாலிசியிலும் இல்லை. இருந்தாலும் பல மாதங்கள், சிலவற்றில் சில ஆண்டுகள், காத்திருக்க வேண்டும். புதிதாகத் திருமணமானவர்கள் இதைத் தனியாகக் கேட்டு, எவ்வளவு கிடைக்கும், எப்போதிலிருந்து கிடைக்கும், பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்து உண்டா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூம் வாடகைக்கு வரம்பு என்கிறார்களே, அது என்ன?

நம் கையிலிருந்து பெரும்பணம் போவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் பாலிசியில் ரூம் வாடகை ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் வரைதான் என்று இருக்கிறது. மருத்துவமனையில் 10,000 ரூபாய் ரூம் கிடைக்கிறது. நாலு நாள்தானே, கூடுதலாக 20,000 ரூபாய் ஆகும், நாமே கட்டிக்கொள்ளலாம் என்று சேர்ந்துவிடுகிறீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில் 3 லட்சம். அதில் ரூம் வாடகை 40,000. டாக்டர், அறுவை அரங்கு, மயக்க மருந்து நிபுணர், நர்சிங் கட்டணங்கள் 1,60,000. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்திய கருவி ஆகியவை 1,00,000.

நிறுவனம் எப்படிப் பார்க்கும்? ரூம் வாடகையில் பாதி, 20,000 தரும். நீங்கள் தகுதியைவிட இரு மடங்கு ரூமில் இருந்ததால், டாக்டர் முதலான கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைத்து 80,000 தரும். மருந்து, பரிசோதனை, கருவிகளுக்கு இந்தக் குறைப்பு கூடாது என்பது விதி. அதனால் அந்த 1,00,000 முழுதாக வரும். மொத்தம் 2 லட்சம். மீதி 1 லட்சம் உங்கள் கையிலிருந்து. 20,000 என்று நினைத்துப் போன இடத்தில் ஐந்து மடங்கு.

ஆகவே ரூம் வாடகை வரம்பு இல்லாத பாலிசியை எடுங்கள். அல்லது "தனி ஏ.சி. ரூம்" என்று வகையை மட்டும் குறிப்பிடும் பாலிசியை எடுங்கள். ஏற்கெனவே வரம்புள்ள பாலிசி வைத்திருந்தால், அட்மிஷன் கவுன்டரில் முதலில் வரம்பைச் சொல்லி, அதற்குள் வரும் ரூமையே கேளுங்கள். ரூமுக்கு ஏற்ப மற்றக் கட்டணங்கள் மாறாத மருத்துவமனையாக இருந்தால் விகிதக் குறைப்பு செய்யக் கூடாது. அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு எந்த வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும்?

மூன்று வரிகள். முதலாவது, கோ-பே (ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு). மூத்தவர்களுக்கான பாலிசிகளில் இது அதிகம். 20 சதவீதம் என்று இருந்தால், 5 லட்சம் ரூபாய் பில்லில் 1 லட்சம் உங்களுடையது.

இரண்டாவது, குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கான உள்வரம்பு. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் சொல்கிறேன். எல்லா நிறுவனங்களிலும் ஒரே நிபந்தனையோடு கிடைக்கட்டும் என்று 2020இல் அறிமுகமான ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், ஒரு கண்ணின் புரை அறுவைக்கு 40,000 ரூபாய் அல்லது காப்பீட்டுத் தொகையில் கால்பங்கு, இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். கோ-பே 5 சதவீதம். உங்களுக்குக் காட்டப்படும் பாலிசி இதைவிடக் கடுமையாக இருந்தால் யோசியுங்கள்.

மூன்றாவது, கையுறை, முகக்கவசம் போன்ற சின்னச் சின்னப் பொருட்களுக்குப் பணம் உண்டா என்பது. பில்லில் இவை நாம் நினைப்பதைவிட அதிகமாக வரும். கூடுதல் பிரீமியம் கட்டினால் இவற்றுக்கும் தரும் பாலிசிகள் இருக்கின்றன.

இவை எல்லாம் எங்கே இருக்கும்? பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று சில பக்கங்கள் தர வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதி. காத்திருப்புக் காலம், வரம்புகள், எவற்றுக்குப் பணம் இல்லை என்பவை எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். அதைத் தமிழில் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. படித்துப் பிடிக்காவிட்டால், பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும்.

ஒரு நாள்கூடத் தங்காத சிகிச்சைக்குப் பணம் வருமா? சித்த மருத்துவத்துக்கு?

பொதுவாக 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும். ஆனால் கண்புரை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்று அன்றே வீடு திரும்பும் சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு. வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்தால் பணம் வராது. சேருவதற்கு முன்பும் பின்பும் ஆன மருந்து, பரிசோதனைச் செலவுகளும் குறிப்பிட்ட நாட்கள் வரை கிடைக்கும். முன்பு 30 நாள், பின்பு 60 நாள் என்பது பரவலாக உள்ள அளவு. அந்த பில்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சித்தா, ஆயுர்வேதம் முதலிய முறைகளில் அங்கீகாரமுள்ள மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றால் பணம் கிடைக்கும். மனநோய்ச் சிகிச்சையை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மருத்துவமனையில் சேரும்போது என்ன செய்ய வேண்டும்?

முன்கூட்டித் திட்டமிட்ட அறுவை என்றால் இரண்டு நாள் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். அவசரம் என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுவது நல்லது. பாலிசி அட்டையும் ஆதாரும் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரில் கொடுத்தால், கேஷ்லெஸ் (நீங்கள் பணம் கட்டாமல், நிறுவனமே மருத்துவமனைக்குக் கட்டுவது) விண்ணப்பத்தை அவர்களே அனுப்புவார்கள்.

கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று கடைசி பில்லுக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி, மருத்துவமனை கூடுதல் வாடகை போட்டால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். இது 2024இல் வந்த விதி. மாலை வரை கவுன்டர் வாசலில் உட்காரவைத்தால், பில் அனுப்பிய நேரத்தை எழுதி வாங்கி, நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்து இந்த விதியைச் சொல்லுங்கள்.

நீங்களே பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்பதானால், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், ரசீதுகள், மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றின் அசலும் தேவை. அனுப்பும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அனுப்ப வேண்டிய கெடு பாலிசியில் இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

கிளைமை மறுத்துவிட்டால்?

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலும், 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களை விசாரிப்பார். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பிரீமியம் ஏறிக்கொண்டே போனால் என்ன செய்வது?

ஒரு நல்ல செய்தி. தனிநபர், ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. இன்னொன்று, 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால், நிறுவனம் முதலில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாக வேண்டும். 2025 ஜனவரியில் வந்த உத்தரவு இது.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குக் குடும்பத்தின் பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரையும், பெற்றோர் மூத்த குடிமக்களானால் அவர்களுக்குக் கட்டுவதில் 50,000 ரூபாய் வரையும் கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டினால் கிடையாது. புதிய முறையில் இந்தக் கழிவே இல்லை.

நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் பாலிசியை நிறுத்திவிட்டு இன்னொன்று வாங்காதீர்கள். போர்ட் செய்யுங்கள் (காத்த காலம் வீணாகாமல் வேறு நிறுவனத்துக்கு மாறுவது). புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். புது நிறுவனம் "சரி" என்று எழுதித் தரும் வரை பழையதை விடாதீர்கள்.

கிளைம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. தேதியைத் தவறவிட்டால், ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. ஆனால் பணம் கட்டாத அந்த இடைவெளியில் மருத்துவமனையில் சேர்ந்தால் கிளைம் கிடைக்காமல் போகலாம். தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள்.

இப்போது நான் என்ன செய்யட்டும்?

பாலிசி இல்லாதவர்கள், முதலில் அரசுத் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இளையவர்களுக்கு ஒரு ஃப்ளோட்டர், பெற்றோருக்குத் தனியாக என்று பிரித்து, உண்மையை எழுதி, உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

பாலிசி உள்ளவர்கள் இந்த வாரமே அதை எடுத்து, நான்கைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள்: ரூம் வாடகை வரம்பு, கோ-பே, எந்த நோய்க்கு எதுவரை காத்திருக்க வேண்டும், புதுப்பிக்கும் தேதி. அந்தத் தாளையும் நிறுவனத்தின் உதவி எண்ணையும் வீட்டில் இன்னும் இருவருக்காவது கொடுத்து வையுங்கள். அவசரத்தில் மருத்துவமனைக்கு ஓடுபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். பாலிசி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.